பெண்மக்களும் கூடைப்பந்தும்

(செய்யாற்றில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று பெண் விடுதலையைப்பற்றிப் பேசவேண்டுமென்று நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இவ்விஷயமாக நமது இயக்கத்தார் எவ்வளவோ காலமாகப் பேசியும் எழுதியும் வந்திருக்கிறார்கள். 1929-ம் வருஷத்தில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மகாநாட்டிலேயே பெண்களுக்கும் ஆண்களைப்போல் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் செய்யப்பட்டது. அது தமிழ்நாட்டில் சட்டமாவதற்கு 1989 வரையில், அதாவது 60 வருஷ காலம் ஆயிற்று. ஆனால் இன்று நாம் சொத்தைப்பற்றியோ, சட்டத்தைப்பற்றியோ பேச வரவில்லை. அவைகளைவிட அற்பமாக உங்களுக்குத் தோன்றக்கூடிய ஒரு சங்கதியை எடுத்துக்கொள்ளுகிறோம். அது என்னவென்றால் பெண்கள் பந்து விளையாடுவது.

சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் எதற்காகச் சிரித்தோம் என்று வீட்டுக்குப்போய் யோசித்துப் பாருங்கள். பிள்ளை பந்தாடுகிறான் என்றால் யாரும் சிரிப்பதில்லை. பெண் பந்தாடுகிறாள் என்றால் சிரிப்பு வருகிறது. சொத்துரிமையைச் சட்டம் எழுதிக் கொடுத்துவிடலாம். இந்தச் சிரிப்பை எந்தச் சட்டமும் நிறுத்தாது. அதை நாம்தான் நிறுத்த வேண்டும்.

இந்தச் செய்யாற்றில் அறிஞர் அண்ணா பெயரால் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. சுற்றுப்பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்கள் பஸ் ஏறி வந்து படிக்கிறார்கள். அவர்களில் ஒரு பெண் நன்றாகக் கூடைப்பந்து ஆடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் முன்னுக்கு வரவேண்டுமானால் வழி என்ன? முதலில் கல்லூரி அணி. அடுத்தபடி வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழக அணிக்கான தேர்வு. அதற்கப்பால் தென் மண்டலப் போட்டி. அதிலும் ஜெயித்தால் அகில இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கிடையே நடக்கும் போட்டி. இந்தப் படிகளில் கல்லூரியைத் தாண்டிய ஒவ்வொன்றுக்கும் வெளியூர்ப் பிரயாணம் உண்டு. அநேகமாக இரவு தங்கலும் உண்டு. ஆகவே பந்தைக் கூடையில் போடத் தெரிந்தால் மட்டும் போதாது. படிக்கு ஒருதரம் தகப்பனாரிடத்தில் அனுமதி வாங்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த அனுமதியைக் கேட்கப்போனால் வரும் ஆட்சேபணைகளை நாம் பல வீடுகளில் கேட்டிருக்கிறோம். பெண்ணின் உடம்பு தாங்காது என்பார்கள். பலபேர் முன்னால் ஓடுவதும் குதிப்பதும் மானக்கேடு என்பார்கள். மாதவிலக்கு நாளில் என்ன செய்வது என்பார்கள். நாளைக்கு யார் கல்யாணம் செய்துகொள்வார்கள் என்று கடைசியாகக் கேட்பார்கள். இவைகளையெல்லாம் நமது நாட்டுக்கே உரிய பழக்கவழக்கங்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தப்பு. வெள்ளைக்காரனும் இதையேதான் சொன்னான்.

கூடைப்பந்து என்பது வேதகாலத்து விளையாட்டல்ல. 1891-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்ற ஊரில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற உபாத்தியாயர், பழம் போட்டுவைக்கும் கூடைகளை மாட்டி, பதின்மூன்று விதிகளை எழுதி உண்டாக்கியது. இரண்டு வருஷம் ஆவதற்குள் பக்கத்தில் இருந்த ஸ்மித் கலாசாலைப் பெண்கள் அதை ஆடத் தொடங்கிவிட்டார்கள். 1893-ல் அங்கே முதல் ஆட்டம் நடந்தபோது ஆண்கள் பார்க்க வரக்கூடாது என்று கதவைச் சாத்தினார்கள். 1896-ல் ஸ்டான்போர்டு, பெர்க்லி என்ற இரண்டு சர்வகலாசாலைப் பெண்கள் மோதியபோதும் அப்படியே. பெண்ணின் உடம்பு அதிகமாக ஓடினால் தாங்காது என்பதற்காகத் திடலை மூன்று பாகமாகக் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பாகத்தில் நிற்கும் பெண் மற்றொரு பாகத்துக்குப் போகக்கூடாது என்று விதி செய்தார்கள். கோடுகள் காலப்போக்கில் மாறின. ஆனால் அமெரிக்கக் கலாசாலைப் பெண்கள் ஆண்களைப்போல் ஐந்துபேராக முழுத் திடலிலும் ஓடி ஆடலாம் என்ற விதி முறையாக வந்தது 1971-ல்தான். கிட்டத்தட்ட 80 வருஷம் அந்தக் கோடு பெண்ணின் காலைக் கட்டியிருந்தது. நமது வீட்டு வாசற்படி செய்யும் வேலையை அங்கே சுண்ணாம்புக் கோடு செய்தது.

இனி, அந்தக் கோட்டை அழித்த மறுவருஷம் நடந்ததைச் சொல்லுகிறோம். 1972-ம் வருஷம் மார்ச்சு மாதம் இல்லினாய் மாகாணத்தில், பெண்கள் கலாசாலைகளின் விளையாட்டுச் சங்கம் தனது முதல் தேசியக் கூடைப்பந்துப் போட்டியை நடத்தியது. 16 அணிகள் வந்தன. அவற்றில் பென்சில்வேனியாவிலிருந்து வந்த இம்மாகுலாட்டா என்ற கலாசாலையும் ஒன்று. அது கன்னியாஸ்திரீகள் நடத்திய சிறிய பெண்கள் கலாசாலை. அதன் விளையாட்டுக்கூடம் முன்னமேயே தீப்பிடித்து எரிந்துபோய்விட்டது. சொந்த ஊரில் ஆட்டம் வைத்துக்கொள்ள முறையான இடம் இல்லை. உடுப்போ கம்பளித் துணியில் தைத்த பாவாடை மாதிரியான பழைய உடுப்பு. பயிற்சி கொடுத்த காத்தி ரஷ் என்பவர் 25 வயதுகூட நிரம்பாத பெண். அவருக்குக் கொடுத்த கூலி வருஷத்துக்கு 450 டாலர்.

போட்டிக்குப் போகப் பணமில்லை. மாணவிகள் பல் விளக்கும் பிரஷ் விற்றுப் பணம் சேர்த்தார்கள். சேர்ந்த பணம் எட்டுப் பேருக்குத்தான் காணும். மிச்சம் இருந்தவர்கள் ஊரிலேயே நின்றுவிட்டார்கள். அந்த எட்டுப் பேரும், இடம் மிஞ்சினால் ஏற்றிக்கொள்ளுகிறோம் என்று கொடுக்கிற மலிவான டிக்கெட்டில் ஆகாய விமானம் ஏறிப் போனார்கள். பதினாறு அணிகளில் இவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஸ்தானம் பதினைந்தாவது. அப்படிக் கொடுத்ததும் அநியாயமல்ல. ஏனென்றால் சொற்ப நாட்களுக்கு முன்தான் வட்டாரப் போட்டியில், அண்டை ஊரான வெஸ்ட் செஸ்டர் கலாசாலை இவர்களை 70-க்கு 38 என்று 32 புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்திருந்தது.

முதல் ஆட்டத்தில் தெற்கு டகோட்டா அணியை 60-க்கு 47 என்று ஜெயித்தார்கள். இரண்டாவதில் இந்தியானா அணியை 49-க்கு 47 என்று இரண்டே புள்ளியில் ஜெயித்தார்கள். மூன்றாவது ஆட்டத்திலும் ஜெயித்தார்கள். இறுதி ஆட்டத்துக்கு எதிரே வந்து நின்றது யார் தெரியுமா? அதே வெஸ்ட் செஸ்டர். அந்த அணியை 52-க்கு 48 என்று தோற்கடித்துப் பட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த 1973-லும் 1974-லும் பட்டம் இவர்களுக்கே வந்தது.

தோழர்களே! இந்த இடத்தில் நம்மைப் பார்த்து ஒருவர் கேட்கலாம். “ஐயா, நீர் நாஸ்திகர். கன்னியாஸ்திரீகளின் கலாசாலை ஜெயித்ததைச் சொல்லுகிறீரே, அது அவர்களுடைய ஜெபத்தின் பலன் அல்லவா?” என்று கேட்கலாம். அந்தப் பெண்கள் ஆட்டத்துக்கு முன் ஜெபம் செய்வது வழக்கம்தான். அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் 32 புள்ளியில் தோற்ற அன்றைக்கும் அதே ஜெபம், அதே சாமிதானே? அன்றைக்குச் சாமி எங்கே போயிருந்தது? எதிரணியில் பக்தியுள்ள பெண் ஒருத்திகூட இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? இரண்டு புள்ளியில் ஜெயித்தால் சாமி ஜெயிக்க வைத்தது என்றால், இரண்டு புள்ளியில் தோற்ற பெண்களைத் தோற்க வைத்ததும் அந்தச் சாமிதானே? அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

அந்தக் கன்னியாஸ்திரீகள் ஜெபம் மட்டும் செய்யவில்லை. தங்கள் பெண்கள் ஆடும்போது கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு வாளியைத் தட்டி ஓசை செய்து உற்சாகப்படுத்தினார்கள். அதை நாம் மனதார மெச்சுகிறோம். ஜெபம் யார் காதில் விழுந்ததோ தெரியாது. வாளி ஓசை ஆடுகிற பெண்ணின் காதில் விழுந்தது. “நம்மை ஆடக்கூடாது என்று சொல்லாமல், ஆடு ஆடு என்று சொல்லப் பெரியவர்கள் இருக்கிறார்கள்” என்ற தைரியம் அதனால் வந்திருக்கும். நம் வீடுகளில் பெண் பிள்ளைக்கு அந்த ஓசைதான் கேட்பதில்லை.

நிற்க, இந்தப் பட்டம் கிடைத்துச் சுமார் மூன்று மாதத்தில், 1972 ஜூன் மாதத்தில், சர்க்கார் பணம் வாங்கும் எந்தக் கல்வி ஸ்தாபனமும் ஆண் பெண் என்று வித்தியாசம் பாராட்டக்கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. விளையாட்டும் அதில் அடக்கம். அதன் பலனைக் கேளுங்கள். 1971-72-ல் அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிக்கூடங்களில் விளையாட்டில் சேர்ந்த பெண்கள் 3 லட்சத்துக்கும் குறைவு. 2018-19-ல் 34 லட்சம். இந்த 47 வருஷத்தில் பெண்ணின் எலும்பு மாறிவிட்டதா? இருதயம் மாறிவிட்டதா? பிரம்மாதான் புதுத் தினுசாகப் பெண்களைப் படைக்க ஆரம்பித்துவிட்டாரா? ஒன்றும் இல்லை. உடம்பு அதே உடம்பு. சட்டம் மாறிற்று, பணம் வந்தது, இடம் கிடைத்தது, அனுமதி கிடைத்தது. ஆகவே முன்னே இருந்த தடை உடம்பில் இல்லை என்பது கணக்குப்போட்டு ருசுவாகிவிட்டது.

அங்கே எல்லாம் ஒழுங்காகிவிட்டதென்று நாம் சொல்லவரவில்லை. 2021-ல் நடந்த தேசியக் கலாசாலைப் போட்டியில், ஆண்களுக்கு ஒரு மண்டபம் நிறையத் தேகப்பயிற்சிச் சாமான்களும், பெண்களுக்கு ஒரு சிறு அடுக்கு எடைக்குண்டுகளும் வைத்திருந்ததை ஒரு மாணவியே படம்பிடித்து உலகத்துக்குக் காட்டிச் சந்தி சிரிக்க வைத்தார். அதற்கு மூன்று வருஷம் கழித்து, 2024-ல், பெண்களின் இறுதி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் 1 கோடியே 80 லட்சத்துக்கு மேல். ஆண்களின் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் 1 கோடியே 50 லட்சம்கூட இல்லை. பெண்கள் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள் என்று சொன்னவர்களுக்கு ஜனங்களே பதில் சொல்லிவிட்டார்கள்.

அமெரிக்காக்காரிக்கு நடக்கும், நம்மவளுக்கு நடக்குமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சென்னையில் பிறந்த அனிதா பால்துரை என்ற தமிழ்ப்பெண்ணை உங்களில் எத்தனைபேருக்குத் தெரியும்? சினிமாக்காரர் பெயர் நூறு தெரிந்த நமக்கு இவர் பெயர் தெரியாது. 19 வயதில் இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைவியானவர். 2000 முதல் 2017 வரையில் இந்தியாவுக்காக ஆடியவர். ஆசியக் கூடைப்பந்துப் போட்டிகளில் ஒன்பது தடவை ஆடியவர். தென்னக ரயில்வேயில் உத்தியோகம் பார்ப்பவர். கல்யாணம் ஆயிற்று, குழந்தையும் பிறந்தது, அதற்குப் பிறகும் திடலுக்குத் திரும்பிவந்தார். 2017-ல் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவு இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-க்கு 73 என்று ஜெயித்த இந்திய அணியில் அவரும் ஒருவர். 2021-ல் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தார்கள். கல்யாணம் ஆனால் முடிந்தது, பிள்ளை பெற்றால் உடம்பு போய்விடும் என்று பேசுகிற மாமியார்மாருக்கும் மாமனார்மாருக்கும் இதைவிட வேறு என்ன பதில் வேண்டும்?

உடம்பு தாங்காது என்பதைப்பற்றி இந்தச் செய்யாற்றிலேயே ஒன்று கேட்கிறோம். ஆரணிப் பக்கத்துப் பட்டுத் தறிக்கார வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். பாவுக்கு இழை சேர்ப்பதும், தார் சுற்றுவதும், தறிக்குழியில் கால் வைத்து நெய்வதும் எத்தனை பெண்கள்? காலையில் உட்கார்ந்தவள் விளக்கு வைக்கும் வரையில் முதுகு ஒடிய வேலை செய்கிறாள். அப்போது எந்தப் பெரியவராவது வந்து, “ஐயோ, பெண்ணின் உடம்பு தாங்காதே” என்று சொன்னதுண்டா? நாற்று நடுகிறவள் பெண், சித்தாள் வேலைக்குக் கல் சுமக்கிறவள் பெண். சம்பாத்தியத்துக்கு உழைக்கும்போது இரும்பாக இருக்கும் உடம்பு, தன் சந்தோஷத்துக்கு ஒரு மணி நேரம் ஆடப்போனால் மட்டும் பூவாகிவிடுமா?

இன்னும் சொல்லுகிறோம். இங்கே செய்யாறு சிப்காட்டில் உலகத்துக்கெல்லாம் விளையாட்டுச் செருப்பு, அதாவது ஷூ, தைத்து அனுப்புகிறார்கள். தைக்கிறவர்கள் ஆயிரக்கணக்கான நம் பெண்கள். அதிகாலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறிப்போவதை நீங்களே பார்க்கிறீர்கள். அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு வேற்று நாட்டுப் பெண் ஓடுகிறாள், குதிக்கிறாள், பட்டம் வாங்குகிறாள். தைத்தவளின் தங்கைக்கு அதைக் காலில் போட்டுக்கொண்டு ஒரு திடலில் நிற்க அனுமதி இல்லை. இதைவிட வெட்கக்கேடு ஒரு ஊருக்கு வேறு வேண்டுமா?

நம் பண்பாட்டுக்கு விரோதம் என்கிறார்கள். எந்தப் பண்பாடு? சிலப்பதிகாரத்தில் பெண்கள் பந்தாடுவதற்கென்றே கந்துகவரி என்று ஒரு பகுதி வைத்திருக்கிறது. கோயில் தூணிலே கல்லில் செதுக்கிய பெண் பந்தாடுவாள். அதைக் கலை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு பார்ப்பார்கள். உயிரோடிருக்கிற பெண் ஆடினால் ஒழுக்கம் கெட்டுவிட்டது என்பார்கள்.

கோயில் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த ஊர்க் கோயிலின் ஸ்தல புராணம் உங்களுக்கெல்லாம் தெரியும். ஞானசம்பந்தர் பாடி ஆண்பனையைக் காய்க்கிற பெண்பனையாக ஆக்கினாராம். பனை ஆணா பெண்ணா என்பது பாளை விடுகிறவரைக்கும் ஒருவருக்கும் தெரியாது என்பதைப் பனை ஏறுகிறவரைக் கேட்டால் சொல்லுவார். அது கிடக்கட்டும். கதைப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஆண்பனை பிரயோஜனமில்லை, பெண்பனைதான் வேண்டும் என்று சாமியிடம் கேட்டு மாற்றி வாங்கியதாக இந்த ஊரார் பெருமையடிக்கிறார்கள். பனைமரத்தில் பெண்ணாய் இருப்பது அவ்வளவு உயர்வாக இருக்கும்போது, வீட்டில் பெண் பிறந்தால் மட்டும் முகம் ஏன் சுண்டுகிறது?

மாதவிலக்கைப்பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். தாய்மார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அது தும்மல், வியர்வை மாதிரி உடம்பின் காரியம். அதில் தீட்டும் இல்லை, தோஷமும் இல்லை. வலி இருந்தால் அன்று ஓய்வு எடுத்துக்கொள்ளட்டும். வலி இல்லாதவள் ஆடட்டும். தீர்மானிக்க வேண்டியவள் அந்தப் பெண். பஞ்சாங்கமும் அல்ல, பாட்டியும் அல்ல.

ஆனால் தோழர்களே, இவையெல்லாம் மேலுக்குச் சொல்லும் சமாதானங்கள். உள்ளே இருக்கும் பயம் வேறு. ஒரு அணியில் சேரும் பெண்கள் பல சாதிக்காரர்கள். ஒரே ரயிலில் போவார்கள், ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள், ஒரே அறையில் தூங்குவார்கள். பந்தை யாரிடம் கொடுத்தால் கூடையில் விழும் என்று பார்ப்பார்களே ஒழிய, வாங்குகிறவள் என்ன சாதி என்று பார்க்கமாட்டார்கள். தனியாகப் பிரயாணம் செய்யவும், தோல்வியைத் தாங்கவும், நாலுபேர் முன் நிமிர்ந்து நிற்கவும் கற்றுக்கொண்ட பெண், நாளைக்குத் தன் கல்யாணத்தைத் தானே தீர்மானம் செய்துவிட்டால் என்ன செய்வது? பெரியவர்களின் பயம் இதுதான். மனு தர்மம் பெண்ணைச் சிறுவயதில் தகப்பனுக்கும், பிறகு புருஷனுக்கும், கடைசியில் மகனுக்கும் அடங்கி இருக்கச் சொல்லுவதும் இதற்காகத்தான். அந்தப் பயம் நியாயமான பயமே. அப்படிப்பட்ட பெண் சாதியைக் காப்பாற்றமாட்டாள். ஆகவேதான் நாமும் பெண்களைத் திடலுக்கு அனுப்புங்கள் என்கிறோம்.

ஆகவே, காரியத்துக்கு வருகிறோம். வாயால் பேசிவிட்டுப் போவதில் பிரயோஜனம் இல்லை. ஒன்று, படிக்கிற பெண்ணுக்குத் தினம் ஒரு மணி நேரமாவது விளையாட நேரம் விடுங்கள். அந்த நேரத்தில் தார் சுற்றவும், தண்ணீர் பிடிக்கவும் அவள் அண்ணனோ தம்பியோ கற்றுக்கொள்ளட்டும். இரண்டு, அணியில் பெயர் வந்தால் வெளியூர் அனுப்புங்கள். கூடப்போக ஆள் வேண்டுமென்றால் தாயார் ஒருத்தி போகட்டும். அவளும் நாலு ஊர் பார்த்ததாக இருக்கும். மூன்று, ஆட்டத்தில் தேறுகிற வரையில், படிப்பு முடிகிற வரையில், கல்யாணப் பேச்சை எடுக்காதீர்கள். விளையாட்டில் தேறினவர்களுக்குத் தமிழ்நாடு சர்க்கார் உத்தியோகத்தில் 3 சதவிகிதம் ஒதுக்கீடு இருக்கிறது, ரயில்வேயும் எடுக்கிறது. சீர்வரிசைக்கு வட்டிக்கு வாங்கும் பணத்தில் பாதிக்கும் குறைவாக இதற்குச் செலவாகும்.

நான்காவது, பணம். திருவிழா வந்தால் இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு வசூல் செய்கிறீர்கள். ஒரு இரவு வாணவேடிக்கையில் எரிந்து சாம்பலாகும் பணம், ஒரு பெண்கள் அணிக்கு ஷூவும் ரயில் சார்ஜும் சாப்பாடும் கொடுத்துப் போட்டிக்கு அனுப்பிவைக்கும். அந்த எட்டு அமெரிக்கப் பெண்கள் பிரஷ் விற்றுப் போனார்கள். நம் பெண்களும் அப்படி விற்றுப்போக வேண்டுமா, ஊர் சேர்ந்து அனுப்பிவைக்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இங்குள்ள வாலிபத் தோழர்கள் இந்த வருஷத்திலேயே அதற்கென்று ஒரு உண்டியல் வைத்தால் முதலில் நாம் போடச் சித்தமாயிருக்கிறோம்.

நாம் சொன்னதை நாம் சொன்னோம் என்பதற்காக நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டுக்குப் போங்கள். உங்கள் பெண்ணைக் கூப்பிட்டு, “நீ என்ன விளையாட ஆசைப்படுகிறாய்?” என்று ஒருதரம் கேளுங்கள். இதுவரை ஒருவரும் கேட்காத கேள்வியானதால் அவள் கொஞ்சநேரம் திகைத்து நிற்பாள். பொறுமையாக நின்று பதிலைக் கேட்டுக்கொண்டு, பிறகு உங்கள் அறிவைக்கொண்டு முடிவு செய்யுங்கள்.